நினைவு என்னும் கடன்

இளமைக் காலம் இனிது; அதனை எண்ணிப் பார்ப்பது அதனினும் இனிது. தமிழர் நால்வர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு அரசியலில் தொடங்கினும் விலைவாசியில் தொடங்கினும், சிறிது நேரத்தில் அவரவர் வளர்ந்த வீட்டின் அடுக்களைக்கு வந்து சேர்ந்துவிடும். அம்மா வைத்த குழம்பும், பாட்டி சொன்ன கதையும், அண்ணனோடு போட்ட சண்டையும், அக்கா பின்னிவிட்ட சடையும் ஒவ்வொன்றாக வெளிவரும். சொந்த ஊரை விட்டு வந்து வேற்று மாநிலத்தில் வாழும் நம்மிடையே இவ்வியல்பு சற்று மிகுதி. பெங்களூரில் நம்மவர் இல்லத் திருமணங்களிலும், பொங்கல் விழாக்களிலும், இலக்கியக் கூட்டம் முடிந்து வாயிலில் நின்று பேசும் அந்த அரைமணி நேரத்திலும் இதனைக் காணலாம்.

இவ்வின்பத்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. வாழ்க்கையின் வெம்மையில் மனிதன் ஒதுங்கி நிற்கும் நிழல்களுள் இதுவும் ஒன்று. ஆயினும் அதனைப் பற்றி ஒரு வினா எழுகிறது. இளமை நினைவு என்பது நாம் நுகர்வதற்கென்றே நம்மிடம் உள்ள செல்வமா? அன்றி, நம்மிடமிருந்து எதனையேனும் கேட்கும் கடனா? செல்வம் எனின், வேண்டும்போது எடுத்துப் பார்த்து மகிழ்ந்து, மீண்டும் பெட்டியில் வைத்துவிடலாம். கடன் எனின் அவ்வாறு வைத்துவிட இயலாது. யாருக்கு, எதற்கு, எவ்வாறு திருப்பித் தருவது என்னும் வினாக்கள் அதனுடன் வரும். இவ்வினாக்களையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

பெங்களூரில் ஒரு வீடு

பொதுவாகப் பேசுவதைவிட, நாம் நன்கு அறிந்த ஒரு வீட்டை முன்னிறுத்திப் பேசுவது நலம். பெங்களூர்த் தமிழர் வாழ்வு ஒரு நாளில் அமைந்ததன்று. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் சீரங்கப்பட்டணத்திலிருந்து தம் படையை இங்கு மாற்றித் தண்டு அமைத்தபோது, படையோடும் படைக்குரிய பணிகளோடும் தமிழர் பலர் வந்தனர். 1884-இல் இங்குப் பஞ்சாலை எழுந்தது. 1905 ஆகஸ்டில் சிவசமுத்திரத்து மின்சாரம் இந்நகரின் தெருவிளக்குகளை ஏற்றியது. 1940-இல் வானூர்தித் தொழிற்சாலை, 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலை, 1953-இல் கைக்கடிகாரத்தால் பின்னர்ப் புகழ்பெற்ற இயந்திரக் கருவித் தொழிற்சாலை, 1954-இல் மின்னணுத் தொழிற்சாலை என ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வழி பிறந்தது. சேலம், தருமபுரி, வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து குடும்பங்கள் வந்து, அல்சூரிலும் சிவாஜி நகரிலும் சீராமபுரத்திலும் குடியேறின. தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டபின் கோலாரிலிருந்து நாள்தோறும் இரயிலேறி இந்நகருக்கு வேலைக்கு வந்தவரும், இங்கேயே குடிபெயர்ந்தவரும் பலர்.

அக்குடும்பங்களுள் பல ஒண்டுக்குடித்தனங்களில் வாழ்ந்தன. ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறேழு சிறு வீடுகள். கன்னடத்தில் அதனை ‘வடார’ என்பர். முன்புறம் ஓர் அறை, பின்புறம் ஓர் அடுக்களை, பொதுவாக ஒரு குளியலறை, தெருமுனையில் ஒரு குழாய். மார்கழியில் பெங்களூர்க் குளிர் கடுமையானது. பிள்ளைகள் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கையில், வெந்நீர் அண்டாவின் அடியில் விறகு எரியத் தொடங்கியிருக்கும். மரத்தூளைக் கெட்டித்து நிரப்பிய அடுப்பின் மணமும், அடுத்த வீட்டில் இறக்கும் காப்பியின் மணமும் ஒன்றாகக் கலந்து வரும். ஆலைச் சங்கு ஊதும் ஒலியில் தந்தையர் மிதிவண்டிகளை எடுத்துக்கொண்டு புறப்படுவர். மாலையில் இலங்கை வானொலியின் தமிழ்ப் பாட்டு ஒரு வீட்டிலிருந்து எல்லா வீடுகளுக்கும் கேட்கும். இவையெல்லாம் அந்தத் தலைமுறையினர் நினைந்து நினைந்து மகிழும் காட்சிகள்.

இக்காட்சிகளை மீண்டும் ஒருமுறை பார்ப்போம். அண்டாவின் அடியில் விறகை மூட்டியவர் யார்? அண்டாவை நிரப்பியவர் யார்? பெங்களூருக்கு அருகில் பேராறு எதுவும் இல்லை. 1896-இல் ஏசரகட்டா ஏரியிலிருந்தும், 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்திலிருந்தும் குழாய் நீர் வந்தது. பெருகிய மக்கள் தொகைக்கு அது போதவில்லை. 1974-இல்தான் காவிரி நீர், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஐந்நூறு மீட்டர் உயரத்திற்கு ஏற்றப்பட்டு, இந்நகரை அடைந்தது. அதன் பின்னரும் எல்லா வீட்டிற்குள்ளும் குழாய் வந்துவிடவில்லை. விடியுமுன் எழுந்து, வரிசையில் குடம் வைத்து, முறை வரும் வரை குளிரில் நின்று, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகச் சுமந்து வந்த பெண்களால்தான் அந்த அண்டா நிரம்பியது. நம் நினைவில் வெந்நீரின் இதம் இருக்கிறது. அந்நீர் வந்த வழி பெரும்பாலும் இருப்பதில்லை.

நிலாச்சோறு

இளமை நினைவுகளுள் தமிழர் பலருக்கும் பொதுவானது நிலாச்சோறு. பழையதோ, மீந்த குழம்பு பிசைந்த சோறோ, இந்நாட்டு வழக்கப்படி கேழ்வரகுக் களியோ, ஒரு பெரிய பாத்திரத்தில் இருக்கும். பிள்ளைகள் வட்டமாக அமர்வர். தாயோ பாட்டியோ நடுவில் அமர்ந்து, உருண்டை பிடித்து ஒவ்வொரு கையிலும் வைத்துக்கொண்டே வருவார். “எனக்குச் சிறியது, அவனுக்குப் பெரியது” என்று ஒரு பூசல் எழும். குழம்பு ஊற்ற உருண்டையின் நடுவில் குழி செய்யும் அந்தப் பெருவிரலை இன்றும் பலர் மறக்கவில்லை. விலையுயர்ந்த உணவகங்களில் உண்ணும் வாய்ப்புப் பெற்றவரும், அந்தச் சுவை பின்னர் எங்கும் கிடைக்கவில்லை என்று கூறுவர்.

இப்படிக் கூறுவோரிடம் ஒன்று கேட்டுப் பார்க்கலாம். பாத்திரம் காலியான பிறகு அந்தத் தாய் என்ன உண்டார்?

பெரும்பாலோர்க்கு விடை தெரியாது. அவர் உண்டதைப் பார்த்த நினைவே இராது. கையை நினைவில் வைத்திருக்கிறோம். அந்தக் கைக்குரியவரின் தட்டு நினைவில் இல்லை. இளமை நினைவு என்னும் அழகிய ஓவியத்தில் ஒரு பகுதி தீட்டப்படாமலே இருக்கிறது என்பதை இதனால் அறிகிறோம்.

இவ்விடம் இன்று நேற்று ஏற்பட்ட வெற்றிடமன்று. சோற்றைக் கையால் துழாவி, மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையின் அழகைப் பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றில் பாடியிருக்கிறான். தமிழில் குழந்தையைப் பாடிய பாடல்களுள் அதற்குத் தனியிடம் உண்டு. அதனைக் கற்கும்போது நாமும் உருகுகிறோம். சிதறிய சோற்றைப் பின்னர்த் திரட்டித் தரையைத் துடைத்தவர் யார் என்று பாடல் கூறவில்லை. கூற வேண்டிய கடமையும் அதற்கில்லை. அரசன் கண்டது குழந்தையின் இன்பத்தை. துடைத்தவர் ஒருவர் இருந்தார் என்பதைக் காண்பது கற்கும் நம் பொறுப்பு.

அன்பைக் கணக்கிடலாமா?

“தாய் செய்தது அன்பினால்; அன்பைப் போய்க் கணக்கெழுதலாமா? கணக்கு வந்துவிட்டால் குடும்பம் கடைத்தெரு ஆகிவிடாதா?” என்று சிலர் வினவக்கூடும். இது தக்க வினாவே. தாய் பிடித்துத் தந்த உருண்டைக்கு விலை குறிப்பவன் அந்த உருண்டையையும் இழப்பான்; தாயையும் இழப்பான்.

ஆனால் கணக்கிடுதல் வேறு, அறிந்திருத்தல் வேறு. அன்பு என்று பெயரிட்டுவிட்டதனாலேயே ஒரு செயலின் உழைப்பு மறைந்துவிடாது. நீர் சுமந்தவரின் இடுப்பு வலி, அவர் அன்போடு சுமந்ததனால் குறைந்திருக்குமா? மேலும், அது அன்பு என்று கூறுபவர் யார் என்பதையும் எண்ண வேண்டும். பெரும்பாலும் பெற்றுக்கொண்டவரே அவ்வாறு கூறுகின்றனர். கொடுத்தவருக்கு வேறு வழி இருந்ததா என்று எவரும் கேட்டதில்லை. மனம் விரும்பிக் கொடுத்ததும் உண்டு. கொடுக்காமல் இருக்க முடியாத நிலையில் கொடுத்ததும் உண்டு. ஒரே பெண்ணின் ஒரே நாளில் இவ்விரண்டும் கலந்தே இருந்திருக்கும்.

குடும்பத்தின் மூத்த மகளை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். அந்நாளைய வீடுகள் பலவற்றில், தாய்க்கு அடுத்த தாயாக இருந்தவள் அவளே. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பாடம் படித்தாள். தாய் நோயுற்றபோதோ, அடுத்த குழந்தை பிறந்தபோதோ, பள்ளியிலிருந்து முதலில் நிறுத்தப்பட்டவளும் அவளே. “எங்கள் அக்காதான் எங்களை வளர்த்தார்” என்று தம்பியர் பெருமையுடன் மேடையில் கூறுவதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அக்கூற்று உண்மை; அதில் அன்பும் உண்மை. ஆனால் வளர்க்கப்பட்டவர் பொறியாளராகவும் அலுவலராகவும் ஆயினர். வளர்த்தவளின் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. தம்பியர்க்கு அவள் ஓர் இனிய நினைவு. அவளுக்கோ அவ்வாண்டுகள் அவளுடைய இளமை. அது திரும்பி வாராது.

நினைவின் இயல்பு

நினைவு ஏன் இவ்வாறு ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறது? அறிஞர்கள் இதனை ஆராய்ந்திருக்கின்றனர். 1688-இல் யோகன்னசு ஓபர் என்னும் மருத்துவ மாணவர், சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஓர் ஆய்வேட்டை அளித்தார். வெளிநாடு சென்ற அந்நாட்டு மக்கள் ஊர் நினைவால் உணவும் உறக்கமும் இழந்து மெலிவதைக் கண்டு, அதனை ஒரு நோயெனவே கருதி, அதற்குக் கிரேக்கச் சொற்கள் இரண்டைச் சேர்த்துப் பெயரிட்டார். ‘நாஸ்டால்ஜியா’ என்று இன்று உலகம் வழங்கும் சொல் அதுவே. வீடு திரும்புதல் என்பது அதன் முற்பகுதி. வேதனை என்பது பிற்பகுதி. இன்று அது நோயாகக் கருதப்படுவதில்லை. இனிய ஏக்கமாகவே கருதப்படுகிறது.

1932-இல் பிரடெரிக் பார்ட்லெட் என்னும் உளவியலார் நினைவைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேயரிடம் படிக்கக் கொடுத்துச் சில காலம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். தமக்குப் புரியாத பகுதிகளை அவர்கள் விட்டுவிட்டனர். பழகாத பொருள்களைப் பழகிய பொருள்களாக மாற்றிக்கொண்டனர். நினைவு என்பது பூட்டிய பெட்டியிலிருந்து பொருளை எடுப்பது போன்றதன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது போன்றது என்பது அவர் கண்ட முடிவு.

கட்டுபவர் நாமே எனின், எந்தக் கல்லை எடுப்பது, எதனை விடுவது என்பதில் நமக்கும் பங்கு உண்டு. ஆகவே நினைத்தல் என்பது அறத்தின் எல்லைக்குள் வரும் செயலாகிறது. குழந்தை காணாமல் போனதற்குக் குழந்தையைக் குறைகூற முடியாது. அறுபது வயதிலும் அதே குழந்தையின் கண்ணால் மட்டுமே பார்ப்பேன் என்பதுதான் கேள்விக்குரியது.

மறைத்ததே கொடை

இங்கு ஒரு நுட்பமான தடை எழுகிறது. நம் பெரியோர் தம் துன்பத்தை நம்மிடம் வேண்டுமென்றே மறைத்தனர். “எனக்குப் பசியில்லை” என்றார் தாய். “இந்தச் சட்டையே எனக்குப் போதும்” என்றார் தந்தை. மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரரிடம் கடன் சொன்னதும், பண்டிகைக்கு முன் வளையல் அடகுக் கடைக்குச் சென்று வந்ததும் பிள்ளைகளுக்குத் தெரியாமல் நடந்தன. வறுமை வீட்டினுள் இருந்தபோதும் பிள்ளைகள் அதன் முகத்தைக் காணாமல் வளர்ந்தனர். அவர்கள் தந்த கொடைகளுள் மிகப் பெரியது இதுவே. அவ்வாறாயின், அவர்கள் போர்த்திய போர்வையை இன்று நாம் விலக்கிப் பார்ப்பது அவர்கள் விருப்பத்திற்கு மாறாகாதா?

ஆகாது என்பதே நம் கருத்து. அந்தப் போர்வை குழந்தைக்காகப் போர்த்தப்பட்டது. அச்சமின்றி உறங்கவும், நாணமின்றிப் பள்ளி செல்லவும் குழந்தைக்கு அது தேவைப்பட்டது. வளர்ந்தவனுக்கு அது தேவையில்லை. வளர்ந்த பின்னும் அறியாமலிருப்பது கொடுத்தவரின் விருப்பத்தை மதிப்பதாகாது. அவரைத் தனிமையில் விடுவதாகும். முதிய தாயர் பலர், யாரேனும் பரிவோடு கேட்டால், அக்காலத்துக் கதைகளை நெடுநேரம் கூறுவதைக் கண்டிருக்கிறோம். அவர்கள் கைம்மாறு கேட்பதில்லை. தாம் பட்டது ஒருவருக்கேனும் தெரிந்தது என்னும் ஆறுதலே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. அறியும்போது நம் இளமையின் இனிமை குறைவதில்லை. தானாகக் கிடைத்தது என்று எண்ணியிருந்தது ஒருவர் மனம் வைத்துத் தந்தது எனத் தெரிவதனால், அதன் மதிப்பு உயர்கிறது.

சுவருக்கு அப்பால்

இக்கடன் நம் வீட்டுச் சுவரோடு முடிவதில்லை. பெங்களூரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளையின் இளமையை ஆக்கியவருள் அடுத்த வீட்டுக் கன்னட அஜ்ஜியும் ஒருவர். உகாதியன்று வேப்பம்பூவும் வெல்லமும் அவர் வீட்டிலிருந்து வந்தன. நாம் பொங்கல் வைக்கும் நாளில் அவர்கள் எள்ளும் வெல்லமும் கொப்பரையும் வேர்க்கடலையும் கலந்து கொண்டுவந்து தந்து, நல்ல சொல்லே பேசுவோம் என்று வாழ்த்தினர். தாய் வேலைக்குச் சென்றிருந்த பகற்பொழுதில் பிள்ளைக்குச் சோறிட்டவரும் அவரே. அந்த வீட்டில் கேட்டுக் கேட்டே பிள்ளைகள் கன்னடம் கற்றனர்.

1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதை ஒட்டி, இந்நகரில் நம் மக்கள் தாக்கப்பட்டனர். பல குடும்பங்கள் அஞ்சி ஊர் திரும்பின. அது மறக்கக் கூடியதன்று. மறக்க வேண்டும் என்றும் நாம் கூறவில்லை. ஆனால் அந்நாள்களில் தம் கதவைத் திறந்து அண்டை வீட்டாரை உள்ளே அழைத்துக்கொண்டவரும் இந்நகரில் இருந்தனர். இனிய நினைவில் இருந்து நம் வீட்டுப் பெண்களின் உழைப்பை விட்டுவிடுவது எவ்வாறு பாதி உண்மையோ, அவ்வாறே கசந்த நினைவில் இருந்து அந்தக் கதவுகளை விட்டுவிடுவதும் பாதி உண்மையே. 1991 முதல் மூடப்பட்டிருந்த வள்ளுவர் சிலை அல்சூர் ஏரிக்கரையில் 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கு நாள்கள் கழித்துக் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை சென்னையில் திறக்கப்பட்டது. அரசுகள் பதினெட்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்ட வேலையை, எள்ளுக்கும் பொங்கலுக்கும் கிண்ணம் மாற்றிய பெண்கள் ஆண்டுதோறும் செய்துகொண்டிருந்தனர்.

நினைவுக்கு வரும் சோதனை

கடன் என்று ஏற்றுக்கொண்டால் அதனைச் செலுத்தும் இடம் எது? கண்ணீர் மல்க மேடையில் பேசுவது எளிது. உண்மையான சோதனை வேறோர் இடத்தில் காத்திருக்கிறது. அது சார்பதிவாளர் அலுவலகம்.

பெற்றோர் காலமான பின், வீட்டையோ ஊரில் உள்ள நிலத்தையோ பிரிக்கும் நாள் வருகிறது. “எங்களை வளர்த்த அக்கா” என்று போற்றப்பட்டவரிடம் விடுதலைப் பத்திரம் நீட்டப்படுகிறது. “நீ எதற்கு அலைகிறாய், ஒரு கையெழுத்துப் போட்டுவிடு, உனக்குச் செய்ய வேண்டியதை நாங்கள் செய்யமாட்டோமா?” என்று அன்பாகவே கூறப்படுகிறது. அக்காவும், பிறந்த வீட்டின் வாசல் அடைபட்டுவிடுமோ என்னும் அச்சத்தில், கையெழுத்திடுகிறார்.

இந்துக் குடும்பங்களைப் பொறுத்தவரை சட்டம் இவ்வளவு காலமாக எங்கு நிற்கிறது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும். தந்தை தாமே தேடிய சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்கும் மகனுக்கும் ஒத்த பங்கு என்று 1956-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டமே கூறிவிட்டது. கூட்டுக் குடும்பத்தின் பூர்விகச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை மகளுக்குத் தமிழ்நாட்டில் 1989-இலும், கருநாடகத்தில் 1994-இலும் வழங்கப்பட்டது. ஏற்கெனவே மணமாகிவிட்ட மகள்களுக்கு அவ்விரு சட்டங்களிலும் இடமில்லை. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம் அத்தடையை நீக்கியது. 2005-இல் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே மகளின் பங்கு அண்ணன் தம்பியர் மனமிரங்கித் தரும் சீர் அன்று, அவளுடையதே.

அவள் தானே மனம் விரும்பி விட்டுக்கொடுத்தால் அது அவள் உரிமை. ஆனால் அவளுக்கு உரிமை உண்டு என்பதைச் சொல்லாமல், பிறந்த வீட்டு உறவையே ஈடாகக் காட்டிப் பெறும் கையெழுத்தை நாம் என்னவென்று கூறுவது? நிலாச்சோற்று வட்டத்தில் தன் உருண்டையைத் தம்பிக்குத் தந்த சிறுமியிடம், ஐம்பது ஆண்டுகள் கழித்து, மீண்டும் அந்த உருண்டையைக் கேட்பதற்கு ஒப்பாகும் அது.

வள்ளுவர் அறத்துப்பாலில் மக்கட்பேற்றை ஏழாம் அதிகாரமாகவும், செய்ந்நன்றியறிதலைப் பதினோராம் அதிகாரமாகவும் வைத்தார். அதற்கு அடுத்துப் பன்னிரண்டாவதாக நடுவுநிலைமையை வைத்தார். இவ்வைப்பு முறைக்குப் பரிமேலழகர் தம் காரணம் கூறுவார். வாழ்க்கையை நோக்கும்போது வேறொரு பொருளும் நமக்குத் தோன்றுகிறது. நன்றி நெஞ்சில் நின்றுவிட்டால் போதாது. அது நடுவுநிலையாக வளர்ந்து செயலில் தோன்ற வேண்டும். நன்றி உணர்ந்து அழுவதும், பங்கு கேட்டால் முகம் சுளிப்பதும் ஒரே மனிதரிடம் இருக்குமானால், அவர் உணர்ந்த நன்றி இன்னும் முதிரவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

நம் பிள்ளைகளின் இளமை

இறுதியாக, நம் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். “எங்கள் காலம்போல் வருமா? உங்களுக்கு நிலாச்சோறு தெரியுமா, கூட்டுக் குடும்பம் தெரியுமா?” என்று அவர்களிடம் நாம் அடிக்கடி கூறுகிறோம். அடுக்ககத்தின் ஒன்பதாம் மாடியில் வளரும் பிள்ளை அதனைக் கேட்டு என்ன செய்யும்? நம் நினைவை ஏக்கமாக அவர்கள்மேல் ஏற்றினால், தம் இளமை ஏதோ குறைபட்டது என்று அவர்கள் கருதுவர். அவர்கள் நாற்பது ஆண்டுகள் கழித்து நினைத்து மகிழப்போகும் இளமை இப்போது, இவ்வீட்டில், நம் கண்முன்னே நடந்துகொண்டிருக்கிறது. அதனை ஆக்குபவர் யார் என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

நடுவண் அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாட்டு மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று கணக்கெடுத்தது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகக் கண்டது. ஏறத்தாழ ஐந்து மணி நேரத்திற்கு எதிரே ஒன்றரை மணி நேரம். அதிலும் இவ்வேலையில் கைவைக்கும் ஆண்கள் சிலரே. நூற்றுக்கு இருபத்தாறு பேர். கணினி நிறுவனத்தில் கணவனுக்கு நிகராக ஊதியம் பெறும் பெண்ணும், வீடு திரும்பியதும் நேரே அடுக்களைக்குள் நுழைவதை நாம் காண்கிறோம். காலையில் வந்து பாத்திரம் துலக்கிச் செல்லும் பெண்ணுக்கும் பிள்ளைகள் உண்டு. நம் பிள்ளைகளின் இளமையை ஆக்கும் நேரத்தை அவர் தம் பிள்ளைகளின் இளமையிலிருந்தே எடுத்துத் தருகிறார். குழாய் வீட்டினுள் வந்துவிட்டது. அடுப்பில் புகை இல்லை. ஆனால் தீட்டப்படாத அந்தப் பகுதி இன்றைய ஓவியத்திலும் அப்படியே இருக்கிறது.

பழங்கடனைத் தீர்ப்பதும் புதிய கடனைக் குறைப்பதும் இயலாதவை அல்ல. தாயும் பாட்டியும் வாழும் வீடுகளில், ஒரு மாலையேனும் அருகில் அமர்ந்து, “அந்நாளில் நீங்கள் என்ன உண்டீர்கள், எப்போது உறங்கினீர்கள்?” என்று கேட்கலாம், கேட்டதை எழுதியும் வைக்கலாம். அக்காவுக்குரிய பங்கை அவர் கேட்குமுன் அளிக்கலாம். மகனுக்கும் மகளைப் போலவே சோறு வடிக்கவும் தட்டுக் கழுவவும் கற்பிக்கலாம். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அதன் படிப்பு நில்லாதிருக்க உதவலாம். நிலாச்சோற்றையும் இன்றும் பிசையலாம். மொட்டைமாடியில் நிலவுக்குக் குறைவில்லை. பிசைந்தவருக்கும் ஓர் உருண்டை ஒதுக்கி வைத்துவிட்டு, அதன் பின் மற்றவர் கை நீட்டலாம். அவ்வாறு வளரும் பிள்ளைகள் ஒருநாள் தம் இளமையை நினைக்கும்போது, உணவின் சுவையோடு, உணவளித்தவரும் உடன் அமர்ந்து உண்ட காட்சி அவர்கள் நினைவில் இருக்கும்.